மூன்றாவது ஆள்

சுடர்க்கொடி இறந்த வண்டிக்கு ஐந்து நட்சத்திரம். அந்த மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஒரகடத்துக்கு அருகில் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை. சிறிய வண்டிகள் பிரிவு. வண்டிக்குள் பொம்மைகளை உட்காரவைத்து, மணிக்கு அறுபத்துநான்கு கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதவிடுவோம். பொம்மையின் கழுத்திலும் மார்பிலும் தொடையெலும்பிலும் எவ்வளவு விசை இறங்கியது என்று பார்ப்போம். பிறகு நட்சத்திரம். அந்தச் சின்ன வண்டி நன்றாகவே செய்திருந்தது. பொம்மையின் முகத்தில் பூசிய சாயம் காற்றுப்பையின் நடுவில் பதிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்கும் அதையே வாங்கினேன்.

காரியம் முடிந்த அன்று, வந்தவர்கள் போன பிறகு, வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வேந்தன் கேட்டான். சுடரின் தம்பி.

“அஞ்சு ஸ்டாருன்னு சொன்னீங்களே மாமா.”

“ஆமா.”

“இடிச்ச வண்டிக்கும் அஞ்சு ஸ்டாராம். அதுல இருந்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்ல.”

“அது ரெண்டாயிரத்து நானூறு கிலோ. நம்மளுது தொள்ளாயிரம்.”

“ரெண்டும் அஞ்சுதானே?”

“சுவத்துல மோதுனா ரெண்டும் அஞ்சு. அதே எடையுள்ள வண்டி மேல மோதுனாலும் அஞ்சு. பெருசும் சிறுசும் நேருக்கு நேர் மோதுனா பெருசு கொஞ்சம்தான் வேகம் குறையும். சிறுசு நின்னு, வந்த வழியே பின்னால தள்ளப்படும். உள்ள இருக்கிற உடம்பு அதைத் தாங்காது.”

நாற்காலியைக் கீழே வைத்தான்.

“இது வாங்குறப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். அறிக்கையில பதினாலாம் பக்கத்துல இருக்கும். ஒரே எடைப் பிரிவுக்குள்ளதான் ஒப்பிடணும்னு.”

“அக்கா செவுத்துல மோதல மாமா.”

அவன் மறுபடியும் அடுக்க ஆரம்பித்தான். நான்கு நாற்காலி அடுக்கியதும் நின்றான்.

“அப்ப உடன்பாடு எதுக்கு இருக்கு? வண்டிங்க பேசிக்கும், பெருசு விட்டுக்குடுக்கும்னு அவ்ளோ வெளம்பரம் பண்ணாங்களே.”

“பேசிக்கும். மோதாம தப்பிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் ரெண்டு வண்டியும் பேசிக்கும். நீ எவ்வளவு கனம், உள்ள எத்தனை பேருன்னு. ரெண்டுலயும் ஒரே எண்ணிக்கைன்னா பெருசு திரும்பி அடிய வாங்கிக்கும். அதால தாங்க முடியும். எண்ணிக்கை வேற வேறன்னா, எதுல அதிகம் பேரோ அதைக் காப்பாத்தும். குறைச்சலா இருக்கிறது வாங்கிக்கணும்.”

“அங்க ரெண்டு பேரு. இங்க அக்காவும் பாப்பாவும். ரெண்டு பேரு.”

“ஆமா.”

“அப்புறம் ஏன்?”

“தெரியல. பதிவைப் பாக்கணும்.”

பதிவை நான் பார்த்திருந்தேன். எங்கள் கூடத்துக்குத்தான் எல்லா விபத்துப் பதிவுகளும் வரும். வாகனம் ஒன்று: நபர் இரண்டு. வாகனம் இரண்டு: நபர் ஒன்று, பை மூன்று.

அன்று காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். நான் பைக்கில் வந்து, சாப்பிட்டுவிட்டு, மறுபடி வேலைக்குப் போகவேண்டியிருந்தது. சுடர் வண்டியை எடுத்தாள். இதழினிக்கு ஐந்து வயது. தூங்கிவிட்டாள். பின்னிருக்கையில் அவளை நீளமாகப் படுக்கவைத்தவன் நான். பெல்ட் போடாவிட்டால் மணி அடித்து எழுந்துவிடுவாள் என்று மூன்று பெல்ட்டுகளையும் வெறுமனே மாட்டிவிட்டேன். எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

பதினேழு கிலோ குழந்தை மூன்று இருக்கைகளில் படுத்தால் ஒவ்வொன்றிலும் ஐந்து கிலோ, ஆறு கிலோ. ஒன்பது கிலோவுக்குக் குறைந்தால் உட்கார்ந்திருப்பது ஆள்தானா என்று இருக்கை நாடி பார்க்காது. காய்கறிப் பை என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஒன்பதை முடிவு செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பஜ்ஜி கொடுத்தார்கள்.

ஆக, இரண்டுக்கு ஒன்று. சின்ன வண்டி தன் ஓட்டுநர் பக்கத்தைக் கொடுத்தது.

இதை நான் வேந்தனிடம் சொல்லவில்லை.

இதழினி பிழைத்தாள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தாம்பரத்தில் இயன்முறை சிகிச்சை. வாரம் ஐந்து நாள், ஆறு மாதம். “நடுவுல விட்டீங்கன்னா இப்படியே நின்னுடும் சார். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார் மருத்துவர். இடுப்பிலிருந்து முழங்கால்வரை சட்டம் மாட்டியிருந்தார்கள். பேருந்தில் உட்கார முடியாது. ஆட்டோவில் காலை நீட்ட முடியாது. காப்பீட்டில் அதே வண்டி மறுபடியும் வந்தது. நிறம் மட்டும் வேறு.

முதல் நாள் படப்பையிலிருந்து தாம்பரம் போய்ச்சேர இரண்டு மணி நேரம் ஆனது. எதிரில் பெரிய வண்டி வரும்போதெல்லாம் ஓரம் கட்டி நிறுத்தினேன். பின்னால் குழந்தை இருக்கையில், சரியாகப் பெல்ட் மாட்டி, முறையாக ஒரு நபராகப் பதிவாகி, இதழினி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேர். எதிரில் வருகிற வண்டிகளில் மூன்று பேர், நான்கு பேர், ஐந்து பேர். கண்ணாடி வழியாக எண்ணிக்கொண்டே இருந்தேன்.

சிகிச்சைக்கு வரும் இன்னொரு குழந்தையின் அம்மாதான் குணவதியைப் பற்றிச் சொன்னார். மணிமங்கலம் போகிற வழியில் தகரக் கொட்டகை. வெளியே ‘சீட் கவர்’ என்று போர்டு. குணவதிக்கு ஐம்பது வயது இருக்கும். பெரிய தொழிற்சாலையில் இருக்கை பொருத்தும் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். ரோபோ வந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

“இல்லாத ஆள ஏத்தணுமா?” என்று அவரே கேட்டார்.

“ஆமா.”

“எத்தினி?”

“ஒண்ணு போதும்.”

“பரவால்ல. நேத்து ஒருத்தர் எட்டு பேர ஏத்தச் சொல்றாரு. அஞ்சு பேர் உக்கார்ற வண்டி. மீதி மூணு பேரும் மடியிலயா உக்காருவாங்கன்னேன். கோச்சிக்கினு போய்ட்டாரு.” வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். “பெரிய வண்டிக்காரங்கதான் தம்பி நெறைய வர்றாங்க. அவங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணும் ஆவாது. இருந்தாலும் வர்றாங்க.”

“மூட்டை எதாவது வச்சா ஆகாதா?”

“மூட்டைக்கு நாடி இருக்குமா? தொடையில அடிக்கிற நாடிய சீட்டு படிக்கும். மெஷின்ல செஞ்ச நாடின்னா கண்டுபுடிச்சிடும். அது ஒரே மாதிரி அடிக்கும். உசுரு அப்படி அடிக்காதில்ல, எதையாச்சும் நெனச்சிக்கினே அடிக்கும். நெஜமான ஆளு ஒருத்தரு நாடி வேணும். வூட்டுல யாராச்சும் ஒரு வாரம் இந்த சீட்டுல உக்காந்து வந்தாங்கன்னா பதிஞ்சி எடுத்துடுவேன்.”

“பழைய வண்டிக் கணக்குல ஒருத்தரோட நாடி பதிவாகி இருக்கு. ரெண்டரை வருஷத்துக்கு.”

“யாரு?”

“என் மனைவி.”

“அவங்கள வரச் சொல்லேன், புதுசா...” என்று ஆரம்பித்தவர் பின்னிருக்கையில் இருந்த இதழினியின் சட்டத்தைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

“சாப்டியா தம்பி?”

“ம்.”

“மாட்டுனா லைசென்ஸ் போவும். யாருக்காச்சும் அடிபட்டா பத்து வருஷம். ஜாமீனு கெடையாது. தெரியும்ல?”

“தெரியும்.”

“எம் பேர சொல்லாத.”

முன்னிருக்கையின் பஞ்சுக்கு அடியில் உள்ளங்கை அளவு ஒரு பெட்டி வைத்தார். ஐம்பத்தெட்டு கிலோ. நிமிடத்துக்கு எழுபத்தாறு துடிப்பு, ஏறி இறங்கி. வண்டியைக் கிளப்பியதும் இடது பக்கத்து இருக்கை தானாக முன்னால் நகர்ந்தது. சுடர் குட்டை. கால் எட்டவேண்டும் என்று எப்போதும் முன்னால் நகர்த்திவைப்பாள். குளிர்காற்றுத் துளை அவள் முகத்துக்குப் படாதபடி கீழே திரும்பிக்கொண்டது.

“அம்மா சீட்டு நகருதுப்பா” என்றாள் இதழினி.

“ஆமாம்மா.”

“அம்மா உக்காந்தாச்சா?”

அன்று ஒரு பதில் சொன்னேன். அதன் பிறகு தினமும் அதே கேள்வி, அதே பதில். உக்காந்தாச்சு. மூன்று பேராகப் போனோம். ஓரம் கட்டுவது நின்றது. நாற்பது நிமிடத்தில் தாம்பரம் போய்ச் சேர்ந்தோம். நான்காம் மாதம் இதழினி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி நடந்தாள். இன்னும் ஏழு வாரம் என்றார் மருத்துவர்.

ஐப்பசி மாதம். மாலை நான்கு மணி. மழை. சிகிச்சை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஏரிக்கரைச் சாலை வளைவில் எதிரில் ஒரு வெள்ளை வண்டி. எங்கள் வண்டி மாதிரியேதான். அதே தயாரிப்பு, அதே தொள்ளாயிரம் கிலோ. அதன் முன்னால் ஒரு வேப்பங்கிளை முறிந்து விழுந்தது. அதை ஓட்டியவர் திருப்பினார். என் பக்கம் வந்தார்.

அதில் இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் வண்டியிலும் உண்மையில் இரண்டு பேர். ஒரே எடை. ஒரே எண்ணிக்கை. உடன்பாடு தலையிட எதுவுமில்லை. நேருக்கு நேர் மோதியிருக்கும். சுவரில் மோதுகிற மாதிரி. எட்டு வருடத்தில் நூறு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு வண்டியும் நசுங்கும். நான்கு பேரும் கழுத்தைத் தடவிக்கொண்டு இறங்கியிருப்போம்.

ஆனால் என் வண்டி மூன்று என்றது. அது இரண்டு என்றது.

ஸ்டீயரிங் என் கையை மீறித் திரும்பியது. அதன் ஸ்டீயரிங்கும் திரும்பியிருக்கவேண்டும். வெள்ளை வண்டி தன் இடது பக்கக் கதவை எங்களுக்குக் கொடுத்தது. எங்கள் முன்பக்கம் அதற்குள் இறங்கியது. பிறகு நாங்கள் சுழன்று கரையோரக் கல்லில் இடித்து நின்றோம்.

இதழினி அழுதாள். அழுகிற குழந்தைக்கு ஆபத்தில்லை. தூக்கிக்கொண்டு இறங்கினேன். எங்கள் வண்டியின் இடது முன்கதவு கீலோடு பிய்ந்து, ஏரிச் சரிவைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

தீயணைப்பு வண்டி ஆறு நிமிடத்தில் வந்தது. மோதும்போதே வண்டிகள் தகவல் அனுப்பிவிடும். மூன்று பேர் இறங்கினார்கள். தலைமை ஆளின் சட்டையில் கோதண்டம் என்று பெயர். முதலில் வெள்ளை வண்டிக்குப் போனார். உள்ளே ஒரு பெண், கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில். அவளிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். கையிலிருந்த திரையைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் ஓடி வந்தார்.

“சார், உங்க வண்டியில மூணு பேரு. முன் சீட்டு லேடி எங்க?”

நான் இதழினியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவர் பிய்ந்த கதவைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். மழையில் கலங்கிய தண்ணீரைப் பார்த்தார்.

“டேய், தண்ணியில போய்ட்டாங்கடா. கயிறு எடு.”

“சார், அந்தம்மா?” என்று வெள்ளை வண்டியைக் காட்டினான் ஒருவன்.

“அவங்க பேசுறாங்கடா. மூச்சு நல்லா இருக்குது. கட்டர் போட ரெண்டு பேரு வேணும். தண்ணியில இருக்கிறவங்களுக்கு நாலு நிமிஷம்தான். மொதல்ல தண்ணி.”

மூன்று பேரும் இறங்கினார்கள். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. கையால் விலக்கி விலக்கித் தேடினார்கள். அடுத்த வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்று கம்பியில்லாக் கருவியில் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளை வண்டியை ஓட்டியவர் என்னிடம் வந்தார். என் வயதுதான். நெற்றியில் ரத்தம். நடை சரியாக இருந்தது.

“சார், நான் ரூபன். மன்னிச்சிடுங்க சார், கிளை விழுந்துச்சு. எனக்கு வேற வழி தெரியல.” மூச்சு வாங்கினார். “எஸ்தருக்கு ஒண்ணுமில்ல சார். காலு மாட்டிக்கிச்சு, அவ்ளோதான். அஞ்சு ஸ்டார் வண்டி. உங்க வீட்டுக்காரங்க பேரு என்ன?”

நான் அவரைப் பார்த்தேன்.

“பேரச் சொல்லுங்க சார். கூப்பிட்டா கொரல் குடுப்பாங்கல்ல.”

“சுடர்.”

“நீங்க குழந்தைய பாத்துக்கங்க. நான் போறேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கினார். முழங்கால், பிறகு இடுப்பு. “சுடரு... சுடருக்கா...” என்று கூப்பிட்டார். அவரை விடச் சுடர் மூத்தவளா என்று அவருக்குத் தெரியாது. கொத்துக் கொத்தாகத் தாமரையை இழுத்துப் போட்டார். மற்றவர்களை விட வேகமாகத் தேடினார்.

பக்கவாட்டு மோதலில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இடுப்பெலும்பு உள்ளே போகும். மண்ணீரல் கிழியும். வெளியே ரத்தம் வராது. அதனால் பேசுவார்கள். நன்றாகவே பேசுவார்கள். பிறகு தண்ணீர் கேட்பார்கள். பிறகு பேசமாட்டார்கள். இதற்கு எங்களிடம் ஒரு வரைபடமே உண்டு.

பத்து வருடம். இதழினிக்குப் பதினைந்து வயதாகியிருக்கும். சிகிச்சை இன்னும் ஏழு வாரம். யார் அழைத்துப் போவார்கள்? வேந்தன் துபாய்க்குப் போய்விட்டான். இதையெல்லாம் யோசித்தேன். நின்றுகொண்டே, குழந்தையை நனையாமல் பிடித்துக்கொண்டு, ஒழுங்காக யோசித்தேன். நான்கு நிமிடம் யோசித்திருப்பேன்.

ஸ்கூட்டரில் வந்து நின்ற ஒரு அம்மா வெள்ளை வண்டியின் சன்னலில் குனிந்திருந்தார். நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார்.

“தண்ணி கேக்குது இந்தப் பொண்ணு. யார்கிட்டயாச்சும் தண்ணி இருக்கா?”

நான் சரிவின் விளிம்புக்குப் போனேன்.

“சார், மேல வாங்க. வண்டியில ரெண்டு பேருதான். நானும் என் மகளும்.”

கோதண்டம் தண்ணீரிலிருந்தே பார்த்தார். “சார், அதிர்ச்சில இப்படித்தான் இருக்கும். நீங்க உக்காருங்க.”

“மூணாவது ஆள் கிடையாது. அந்தப் பொண்ணைப் போய் வெட்டி எடுங்க.”

“நாடி பதிவாயிருக்கு சார். மோதுற வரைக்கும் இருந்திருக்காங்க. எங்கள வேலைய செய்ய வுடுங்க.” அவர் குரல் இதமாக இருந்தது. பிறகு இதழினியைப் பார்த்தார். “பாப்பா, வண்டியில யார் யாரும்மா இருந்தீங்க?”

இதழினி அழுகையை நிறுத்தினாள். கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிற குழந்தை.

“அப்பா. நான். முன்னாடி அம்மா.”

கோதண்டம் திரும்பி இன்னும் ஆழத்துக்குப் போனார்.

குழந்தையை ஸ்கூட்டர் அம்மாவிடம் கொடுத்தேன். தீயணைப்பு வண்டியின் பக்கவாட்டில் செருகியிருந்த கத்தியை எடுத்தேன். இடது முன்னிருக்கையைக் கிழித்தேன். பஞ்சை வாரி வெளியே போட்டேன். பெட்டி கம்பிகளோடு வந்தது. சரிவில் இறங்கி, தண்ணீரில் இறங்கி, கோதண்டத்தின் கையில் கொடுத்தேன்.

“இதுதான் மூணாவது ஆள். நான் ஏத்துனேன். என் மனைவி செத்து ஏழு மாசம் ஆச்சு.”

அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க நேரமில்லை அவருக்கு.

“ஏறுங்கடா. ஆள் இல்ல. கட்டர், கட்டர்.”

மூவரும் கரையேறி ஓடினார்கள். பெட்டி தாமரைமேல் கிடந்தது. வெட்டும் இயந்திரம் கிளம்பியது. தகரம் கிழிகிற சத்தம் ஏரி முழுக்கக் கேட்டது.

ரூபனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தூரத்தில், மதகுக்குப் பக்கத்தில், கழுத்தளவு தண்ணீரில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் கம்மியிருந்தது. “சுடருக்கா, எங்க இருக்கீங்க, கைய ஆட்டுங்க.” ஏழு மாதமாக யாரும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லவில்லை.

நான் அவரிடம் போனேன். சேற்றில் கால் புதைந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“கெடச்சாங்களா?”

“இல்ல. வாங்க.”

“இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம் சார். அந்த மதகுக்குள்ள ஒருவாட்டி...”

“அவ வண்டியில இல்ல. ஆள் எண்ணிக்கையை நான் பொய்யாக் காட்டினேன். அதனாலதான் உங்க வண்டி உங்க மனைவி பக்கத்தைக் குடுத்துச்சு. அவங்களுக்குக் காலு மட்டும் இல்ல. உள்ள ரத்தம் போகுது.”

அவர் கையில் பிடித்திருந்த தாமரைக் கொத்தை விட்டார். மழை அவர் நெற்றி ரத்தத்தைக் கண்ணுக்குள் இறக்கியது. அதைத் துடைக்கவில்லை.

“எவ்ளோ நேரமா தேடினோம்?” என்றார்.

“பதினோரு நிமிஷம்.”

ஓடினார். தண்ணீர் அவரை ஓடவிடவில்லை. கைகளால் தள்ளித் தள்ளிக் கரைக்குப் போனார். சரிவில் வழுக்கி விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். புல்லைப் பிடித்துக்கொண்டு முட்டியால் ஏறினார். “எஸ்தர்” என்று ஒருமுறை கூப்பிட்டார். கம்மிய குரலில் அது சாலைவரை போயிருக்காது.

அவர் சாலையில் கால் வைப்பதற்குள் வெட்டும் இயந்திரம் நின்றது.

கதவைத் திறந்துவிட்டால் நிறுத்துவார்கள். திறக்க அவசியமில்லாமல் போனாலும் நிறுத்துவார்கள். திறந்ததும் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சருக்குக் கத்துவார்கள். நான் கழுத்தளவு தண்ணீரில் நின்று அந்தக் கத்தலுக்குக் காத்திருந்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.